கன்னத்தில் போட்ட ஊசி

முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஊசி அறையிலிருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஓர் அரசு மருத்துவமனையில், நாய்க்கடி ஊசி போடும் அறையில் நிரந்தரமில்லாத, தொகுப்பூதியச் செவிலியராக இருந்தேன். ஆண் செவிலியர்களை இங்கே 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவார்கள். என்னுடைய சொந்தப் பெயர் அந்த மருத்துவமனையில் பாதிப் பேருக்குத் தெரியாது. போன மாதம் வேலையை விட்டுவிட்டு நோய் எதிர்ப்பியல் படிக்கச் சேர்ந்துவிட்டேன். ஒரே இடத்தில் நிற்கிற ஆள் இல்லை நான், அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

நான் கிளம்புகிற வாரத்தில்தான் புது மருந்து வந்தது. அதுவரை நாங்கள் போட்டது குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். புதியது ஆய்வகத்தில், வளர்ப்பு செல்களில் செய்த ஆன்டிபாடி. பழைய சீரத்தின் பக்கத்தில் வைத்தால் அளவு மிகக் கொஞ்சம். புதிதாகச் சேர்ந்த கீர்த்தனா சிஸ்டர் அந்தக் குட்டி மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இன்னா பிரதர், இந்தத் துளியூண்டு மருந்துக்கா இவ்ளோ பில்டப்பு? இதையும் கடிச்ச எடத்துலதான் குத்தணுமா? கையில போட்டா ஆவாதா?"

வாயைத் திறந்தேன். அதற்குள் ஓபியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் படித்த கதை சுருக்கமானது. நர்சிங் கல்லூரியில் ஆன்டிபாடி என்றால் நோட்டில் ஒரு ஒய் எழுத்து. பாடப் புத்தகத்தில் அதற்குப் பெயர் எதிர்ப்பொருள். ஐந்து வகை, ஐந்து பெயர், ஐந்து மதிப்பெண். படம் போட்டேன், பாகம் குறித்தேன், பாஸ் ஆனேன். அந்த ஒய் எழுத்து ஓர் ஆளைக் காப்பாற்றும் என்பது எனக்கு ஒரு தகவலாகத்தான் தெரிந்திருந்தது. அதை உயிருள்ள விஷயமாகக் காட்டியவர் டாக்டர் மரகதம்.

அவசரப் பிரிவு மருத்துவர். நாற்பது தாண்டியிருக்கும். பொதட்டூர்பேட்டைக்காரர். வீட்டில் பேசுகிற தமிழைத்தான் ஓபியிலும் பேசுவார். ஆண்கள் எந்த வயதானாலும் 'நைனா', பெண்கள் எந்த வயதானாலும் 'அம்மாடி'. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலியில் எப்போதும் அவருடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். நோயாளி நின்றால் தானும் நிற்பார், நோயாளி படுத்தால் குனிவார். எதைச் செய்தாலும் வாய் ஓயாது.

அந்த வாயைப் பேச்சுக்கான வாய் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அது ஒரு கருவி. நாய் கடித்த காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும். எந்த மருந்துக்கும் முந்தைய மருந்து அது. சோப்பு, வெறிநோய்க் கிருமியின் மேல்தோலையே கரைத்துவிடும். ஆனால் யார் கால் மணி நேரம் குழாயடியில் நிற்பார்கள்? ஷிப்டுக்கு நேரமாகும், கம்பெனி பஸ் போய்விடும். ஒரு நிமிடத்திலேயே காலை இழுத்துக்கொள்வார்கள். பாதிப் பேர் மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ தடவிக்கொண்டுதான் வருவார்கள். ஒருவர் கிரீஸ் தடவிக்கொண்டு வந்தார்.

டாக்டர் சண்டை போடமாட்டார். குழாயைத் திறந்துவிட்டு என் கையில் சோப்பைக் கொடுப்பார். பிறகு ஆரம்பிப்பார்.

"எந்த நாயி நைனா?"

"தெரு நாயிம்மா."

"இன்னா கலரு?"

"செவலை."

"நீ அத்த முன்னாடியே பாத்துக்கீறியா? யாரு சோறு வெக்கிறாங்க? நீ காலைல நாஷ்டா துன்னியா? இன்னா துன்ன?"

கேள்வி மேல் கேள்வி வரும். ஆளும் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். நுரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு லேத் பட்டறை அண்ணன், வீட்டுக்காரரின் நாய் தன்னைக் கடித்த கதையை, வாடகைத் தகராறிலிருந்து ஆரம்பித்து முழுசாகச் சொல்லி முடித்தார். "கேஸ் போட்டா ஜெயிக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டார். "மொதல்ல கால தொடச்சிக்கோ நைனா, கழுவி முடிச்சாச்சு" என்றார் டாக்டர். அந்த அண்ணனுக்குத் தன் கால் கழுவப்பட்டதே அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு முதன்முதலாக உடம்பு சிலிர்த்தது ஆறுமுகம் அண்ணன் வந்த நாளில். அவர் ஒரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. கணுக்காலில் ஆழமான கடி. நான் புத்தகப்படி தடுப்பூசி, சீரம் இரண்டையும் எடுத்து வைத்தேன். டாக்டர் அவருடைய பழைய ஊசிச் சீட்டைப் பார்த்தார். முன்பு ஒரு தடவை கடிபட்டு எல்லா ஊசியும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்.

"சீரத்த ஃப்ரிட்ஜுல வை. இவருக்கு அது தேவயில்ல. நெனப்பூட்ட ரெண்டு தடுப்பூசி போதும்."

"இவ்வளவு ஆழமா கடிச்சிருக்கே மேடம்?"

"கடிச்சா இன்னா? இவரு ஒடம்பு அந்தக் கிருமியோட மூஞ்சிய ஏற்கெனவே பாத்து வெச்சிக்கினு கீது. மறக்கல. தட்டி எழுப்புனா போதும், ரெண்டு மூணு நாள்ல ஆன்டிபாடிய கொட்டும்."

ஆறுமுகம் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நான் இதுல சீனியரு."

சிரித்துவிட்டோம். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்குப் பழைய கடியின் தேதி நினைவில்லை, நாயின் நிறம் நினைவில்லை. அவருடைய எலும்பு மஜ்ஜைக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் நினைவு இருந்தது. அவர் கேட்டில் உட்கார்ந்து தூங்கி வழிந்த நாட்களிலும் உள்ளே சில செல்கள் அந்த ஒரு முகத்தை மறக்காமல் வைத்திருந்தன. இதைவிட அழகான ஒரு விஷயத்தை யாராவது எனக்குக் காட்டட்டும்.

இனி பிரியங்காவின் கதை. கீர்த்தனா, உன் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

பிரியங்கா ஒரு கேபிள் கம்பெனியில் வேலை செய்த பெண். இருபத்து மூன்று வயது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறாள். அங்கே படுத்திருந்த நாய் பாய்ந்து கன்னத்தில் கடித்துவிட்டது. பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கழுவி, ரத்தம் நிற்பதற்காக இரண்டு தையலை லேசாகப் போட்டு, முதல் தடுப்பூசியும் போட்டிருந்தார்கள். சீரம் அங்கே இல்லை. அரசு மருத்துவமனைக்குப் போய் உடனே போட்டுக்கொள்ளச் சொல்லிச் சீட்டும் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலையிலேயே அவளுடைய அம்மா குமாரி அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றியிருந்தாள்.

"பிரதர், இன்னோரு ஊசி போடணுமாம். சட்டுனு இடுப்புல போட்டு அனுப்புங்க. நாளிக்கு இதுக்கு நிச்சயம். பார்லர்காரி ஊட்டாண்ட வந்து காத்துக்கினு கீறா."

டாக்டர் துப்பட்டாவை விலக்கினார். தாடைக்குச் சற்று மேலே தையல் போட்ட காயம். அதன் கீழே இரண்டு பல் பதிந்த குழிகள். டாக்டரின் வாய் நின்றது. அவர் பேசாமல் இருந்தால் விஷயம் பெரியது என்று எனக்குத் தெரியும்.

வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை. காயத்தில் இறங்கி, பக்கத்திலிருக்கும் நரம்பைப் பிடித்து, அதன் வழியாக மூளைக்கு ஏறும். காலில் கடித்தால் நெடுந்தூரப் பயணம். கன்னத்தில் கடித்தால் அடுத்த தெருவுக்குப் போகிற மாதிரி. மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு உலகத்தில் எந்த மருத்துவமனையும் ஒன்றும் செய்ய முடியாது. போய்ச் சேரும்வரை முழுசாகத் தடுத்துவிடலாம். எங்கள் அறையின் மொத்த வேலையும் அந்த இடைவெளியில்தான்.

"ஊசி கன்னத்துலதான் போடணும். காயத்துக்குள்ளயே, சுத்தியும்" என்றார் டாக்டர்.

குமாரி அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "மூஞ்சிலயா? இன்னாம்மா சொல்றீங்க! நாளிக்கு மாப்ள ஊட்டுல இருந்து கடம்பத்தூர்ல கீற மொத்த சனமும் வருது. மூஞ்சி பன்னாட்டம் வீங்கிக்கினா இன்னா பதிலு சொல்றது?"

"நாயி கடிச்சிதுன்னு சொல்லு."

"கீழ வுழுந்துட்டான்னு சொல்லி வெச்சிக்கீறோம். நாயின்னா அவ்ளோதான். நாய்க்கடி பட்ட பொண்ணு, நாளைக்குக் கொரைக்கும், கொழந்தைக்கும் வரும்னு கதை கட்டுவாங்க. பேஜாரு புடிச்ச சொந்தம்மா அது. நிச்சயம் முடியட்டும், மக்யா நாளே இட்டுக்கினு வரேன்."

முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரத்துக்குள் சீரம் போடலாம் என்று விதி இருக்கத்தான் செய்கிறது. அந்த அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் கன்னத்துக் கடியில் ஒரு நாளைச் சும்மா கொடுக்க எந்த மருத்துவருக்கு மனசு வரும்? குமாரி அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். வலுக்கட்டாயமாக நிறுத்திவைக்க எங்களால் முடியாது.

டாக்டர் அம்மாவை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "அம்மாடி, மூஞ்சி உன்னுது. உசுரும் உன்னுது. நீ சொல்லு."

பிரியங்கா பையிலிருந்து போனை எடுத்தாள். அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று அம்மாவுக்குப் புரிவதற்குள் மணி அடித்துவிட்டது.

"வினோத்து, எங்க கீற? டூட்டியா? நான் கீழல்லாம் வுழல. நாயி கடிச்சிது. மூஞ்சில. இப்ப ஊசி போடப் போறாங்க, நாளிக்கு வீங்கிக்கினுதான் இருக்கும். உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடு."

"அய்யோ, குடி கெடுத்துட்டியேடி!" என்று குமாரி அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

போனில் இயந்திரச் சத்தம் கேட்டது. பிறகு ஒரே கேள்வி. "எந்த ஆஸ்பத்திரி?"

மாப்பிள்ளை வினோத் ரோலிங் மில்லில் வேலை செய்கிற பையன். கொஞ்ச நேரத்திலேயே ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பாதுகாப்பு ஷூ தடதடக்க உள்ளே வந்தான். சட்டையில் இன்னும் உலைச் சூடு இருந்தது. பிரியங்காவின் கன்னத்தைப் பார்த்தான். பிறகு கீர்த்தனா கேட்ட அதே கேள்வியைக் கேட்டான்.

"இடுப்புல போட்டா ஆவாதாம்மா? அதுவும் ஒடம்புதான?"

டாக்டருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது.

"நைனா, உங்க மில்லுல புதுசா ஒருத்தன சேத்தா, அவன் தனியா மெஷின்ல நிக்க எத்தினி நாளாவும்?"

"பத்து, பாஞ்சு நாளு டிரெய்னிங்கு குடுப்பாங்க."

"அதுவரைக்கும் மில்ல மூடி வெப்பாங்களா?"

"அது எப்டி? எங்கள மாதிரி கான்ட்ராக்ட்டு ஆளுங்கள எறக்குவாங்க. நாங்க வேலை தெரிஞ்சிக்கினு வர்ற ஆளுங்க. வந்த அன்னிக்கே நிப்போம்."

"அவ்ளோதான் கதை. நேத்து இவளுக்குப் போட்டது தடுப்பூசி. செத்த கிருமிய ஒடம்புக்குக் காட்டி, இதான் திருடன், பாத்து வெச்சிக்கோன்னு டிரெய்னிங் குடுக்குறது. இவ ஒடம்பே ஆன்டிபாடி செஞ்சிக்கும், ஆனா நாளாவும். திருடன் அதுவரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டான். இந்த பாட்டில்ல கீறது குதிரை ஒடம்புல தயாரான ஆன்டிபாடி. வந்த ஒடனே வேலை."

"செரி, இடுப்புல எறக்குனாலும் ஆளு ஆளுதான?"

"மில்லுல உலையாண்ட தீ புடிச்சிக்கினா, தண்ணி பக்கெட்டு எடுத்தவன கேன்டீன்ல நிக்க வெப்பியா?"

வினோத் சிரிக்கவில்லை. "புடிச்ச எடத்துலதான் நிக்கணும்" என்றான்.

"இடுப்புல போட்டா ரத்தத்துல கலந்து, ஒடம்பு முழுக்க சுத்தி, கன்னத்துக்கு வந்து சேர்றது எத்தினி பேரு? இங்க போட்டா, நரம்பப் புடிக்கப் போற கிருமிய அங்கயே கையப் புடிச்சி நிறுத்திடுவாங்க. ரெண்டு கையால புடிப்பாங்க, வால ஆட்டி, கிருமியத் திங்கிற செல்லுங்களையும் கூப்புடுவாங்க."

கல்லூரியில் நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு வரைந்த அதே ஒய் எழுத்து. இரண்டு கை, ஒரு வால். அதன் வேலையை யாரும் இவ்வளவு சரியாக எனக்குச் சொன்னதில்லை.

வினோத் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "வேலை முடிஞ்சா அந்த ஆளுங்கள அனுப்பிச்சிடுவீங்க. அதானம்மா?"

குரலில் லேசான கசப்பு இருந்தது. எனக்கும் உள்ளே எங்கோ சுருக்கென்றது. நானும் தொகுப்பூதியம்தானே. டாக்டர் அவனை நேராகப் பார்த்தார்.

"ஆமா நைனா. கொஞ்ச வாரத்துல கரைஞ்சி பூடுவாங்க. ஒடம்பு அவங்கள ஞாபகம்கூட வெச்சிக்காது. ஆனா அவங்க இப்ப நிக்கலன்னா, டிரெய்னிங் முடிச்சவன் வந்து நிக்கிறதுக்கு மில்லே இருக்காது."

சுவரைப் பார்த்திருந்த குமாரி அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. கூட நாலு பாட்டிலு சேத்துப் போட்டுடுங்க."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அது ஆவாது அம்மாடி. மில்லு முழுக்க கான்ட்ராக்ட்டு ஆளுங்களையே ரொப்பிட்டா, ஓனரு எதுக்குப் புது ஆளுக்கு டிரெய்னிங் குடுப்பான்? ஒடம்பும் அப்டித்தான், சோம்பேறியா பூடும். எடைக்கு எவ்ளோவோ அவ்ளோதான்."

பிரியங்காவை எடை பார்த்தேன். அளவைக் கணக்கிட்டு டாக்டரும் நானும் தனித்தனியாகச் சரிபார்த்தோம். குதிரைச் சீரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்கைத் தோலில் சிறு துளி போட்டுப் பார்த்துக் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் ஊசியை ஏற்றித் தட்டில் வைத்தேன். அது இல்லாமல் டாக்டர் சீரத்தைத் தொடமாட்டார்.

மெல்லிய ஊசி. காயத்தின் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குத்தினார். கொஞ்சம் மருந்தை இறக்கி, பின்னுக்கு இழுத்து, திசையை மாற்றி இன்னும் கொஞ்சம். தையலைக் கலைக்காமல் அதன் அடியில். பிறகு ஒவ்வொரு பல் குழியாக. எந்த மூலையும் விடுபடக் கூடாது, எந்த இடமும் தோல் வெளுக்கும் அளவுக்கு இறுகக் கூடாது. அவர் விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒவ்வொரு பாத்தியாக மடை திறந்துவிடுவதைப் போல் இருந்தது. பிரியங்காவின் கண்களிலிருந்து தண்ணீர் ஓடியது. சத்தம் வரவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

சத்தம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. "பிரதர், எனக்கு ஒரு மாதிரியா கீது" என்றான் வினோத். இரும்புக் குழம்புக்கு முன்னால் நிற்கிற பையன், முகமெல்லாம் வேர்த்துச் சரிந்துகொண்டிருந்தான்.

"அந்த பேக்க எடுத்துக் கீழ வெச்சிட்டு நைனாவ உக்கார வை" என்றார் டாக்டர், கையை நிறுத்தாமலே. அந்த நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"இவனையா இன்னிக்கி நீ கூப்ட?" என்றார் குமாரி அம்மா.

கன்னம் அசையக் கூடாது என்று தெரிந்தும் பிரியங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காத, ஊசி உள்ள கீது" என்று டாக்டர் அதட்டினார். முடிந்த பிறகு அரை மணி நேரம் அவளை அங்கேயே உட்காரவைத்து நாடித்துடிப்பும் மூச்சும் பார்த்தேன். கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்திருந்தது. பார்லர்காரிக்கு போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னது குமாரி அம்மாதான்.

மற்ற தடுப்பூசிகளுக்கும் அவள் தவறாமல் வந்தாள். நிச்சயம் நடந்ததா, என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் துடித்தது. கேட்கக் கூடாது என்று டாக்டர் கண்ணாலேயே அடக்கி வைத்திருந்தார். கடைசி ஊசிக்கு வினோத்தோடு வந்தாள். தையல் பிரித்த இடத்தில் மெல்லிய கோடு. ஊசி போட்டதும் அவளாகவே போனை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள்.

நிச்சயதார்த்தப் படம். பச்சைப் புடவை, கழுத்தில் மாலை. வீங்கிய கன்னம் கேமராவுக்கு நேராக இருந்தது.

"போட்டோகாரரு அந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்னு ஒரே நச்சரிப்பு. நான் திரும்பல டாக்டரம்மா."

"மாப்ள ஊட்டுல?"

"நாத்தனாரு கேட்டாங்க, இன்னாடி இது வீக்கம்னு. நாயி கடிச்சிது, உள்ள ஆளு நிக்க வெச்சிக்கீறாங்கன்னு சொன்னேன்."

டாக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மாலை, புடவை, ஆட்கள் எல்லாம் விலகித் திரை முழுவதும் அந்தக் கன்னம் மட்டும் நின்றது.

"நல்லாதான் நின்னுக்கினு கீறாங்க" என்றார்.